வால்நியேவாவில் விழாத மண்

ஸ்பெயின் தேசத்து வடக்கு மலைகளின் காலடியில், இடிந்த கோட்டைச் சுவரும் கல்பாலமும் நாரைகள் கூடு கட்டிய மணிக்கூண்டுமாக இருக்கிற வால்நியேவா என்ற சின்ன ஊரில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனமெல்லாம் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்த வேளையில், பெர்மின் என்ற மலை வழிகாட்டியின் வீட்டு வாசலில் நின்று லிங்கக்கனி வாரித் தூற்றிய மண், மேலே போனது போனதுதான், கீழே விழவே இல்லை.

விழுந்திருக்க வேண்டும். மண்ணை வாரித் தூற்றுவது என்றால் ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்ததை எறிவது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, அதற்கும் ஒரு முறை இருக்கிறது. போலீஸ் கைவிரித்த பிறகு, கோர்ட்டு கதவைச் சாத்திய பிறகு, கேட்க நாதியில்லை என்று ஆன பிறகு, கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, எதிராளியின் வாசலில், நாலு பேர் பார்க்க, இரண்டு கையாலும் வாரி, பெற்ற வயிறு எரிய எரியத் தூற்ற வேண்டும். மண் அந்த வீட்டின்மேல் விழும், விழுந்த வீடு விளங்காது. தூத்துக்குடிச் சீமையில் இப்படி விளங்காமல் போன வீடுகள் எத்தனையோ உண்டு, கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள்.

அந்த மண்ணை லிங்கக்கனி ஒரு மஞ்சள் பையில் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அடுத்தவன் ஊர் மண்ணை வாரித் தூற்றினால் அது யார் பேச்சைக் கேட்கும்? தேரிக்காட்டு மண், செக்கச்செவேலென்று, மாவு மாதிரி, காற்றடித்தால் எழுந்து இடம் மாறி உட்காருகிற மண். அதற்கு ஒரு குணம் உண்டு. நடக்கிறவர்களை ஒன்றும் செய்யாது, நிற்கிறதைத்தான் மூடும், பனையோ வேலியோ பாழடைந்த சுவரோ அப்படியே நின்றால் போதும், ஆடி மாதக் காற்றுக்குள் கழுத்துவரை ஏறிவிடும். மாட்ரிட் விமான நிலையத்தில் பையைப் பிரித்துப் பார்த்த அதிகாரி இது என்ன என்று சைகையில் கேட்டபோது, லிங்கக்கனி கண்களை மூடிக் கைகளைக் கூப்பிக் காட்டினாள், அவனும் ஏதோ சாமி சமாசாரம் என்று விட்டுவிட்டான். ஒரு வகையில் அது சாமி சமாசாரம்தான்.

அவளுடைய மகள் முத்தரசி. புருஷன் போன பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டு வளர்த்த ஒரே பிள்ளை. மழையையே எண்ணி எண்ணிப் பார்க்கிற தேரிக்காட்டில் பிறந்துவிட்டு, பனியைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றாள், படித்தாள், ஸ்பெயினில் பெரிய நகரம் ஒன்றில் இடம் கிடைத்து ஆராய்ச்சிக்கு வந்தாள், மலையில் பனியை அளக்க வேண்டுமென்று அடிக்கடி இந்த வால்நியேவாவுக்கு வந்து தங்கினாள். தங்கிய இடத்திலிருந்து தினமும் அம்மாவுக்கு போன்.

"யம்மா, இந்த ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு கேட்டியா. மலையில யாராவது காணாமப் போயிட்டா கோயில் மணிய அடிப்பாவளாம். ஆளு கெடைக்கிற வரைக்கும் நிறுத்தவே மாட்டாவளாம். பனிமூட்டத்துல கண்ணு தெரியாதுல்லா, மணிச் சத்தத்தப் புடிச்சிக்கிட்டே நடந்து ஊருக்கு வந்துரலாமாம். ஊரே மொற வச்சி அடிக்குமாம்."

"நீ எதுக்குட்டி காணாமப் போற?"

"நான் ஏன் போறேன்? வழக்கத்தச் சொன்னேன்மா."

அதற்குப் பிறகு வந்த பனிக்காலத்தின் கடைசியில், புயல் வருகிறது, மலைக்கு யாரும் ஆட்களைக் கூட்டிப் போகக் கூடாது என்று நகரசபை தடை போட்டிருந்த ஒரு நாளில், பெர்மின் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் அவன் மட்டும் உடம்பெல்லாம் கீறலாகத் திரும்பி வந்தான். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், அவள் என் பேச்சை மீறித் தனியாக முன்னால் ஓடினாள், அவள் பின்னால்தான் போனேன், இரவெல்லாம் மலையில் தேடினேன் என்று சதுக்கத்தில் உட்கார்ந்து அழுதான். ஊர் அவனைப் போர்வையால் போர்த்தியது. பிறகுதான் மணி அடித்தது. முத்தரசியைப் பனி உருகிய பிறகுதான் எடுத்தார்கள், ஒரு பாறையின் அடியில், உட்கார்ந்தபடி, முகம் ஊரைப் பார்த்தபடி. விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

முகம் ஊரைப் பார்த்தபடி என்ற அந்த ஒரு வார்த்தை போதும் லிங்கக்கனிக்கு. எம் பிள்ளை மணிச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கா. அன்று இரவு பூராவும் ஏன் மணி அடிக்கவில்லை? இதைத்தான் தூதரகத்தில் கேட்டாள், போலீசில் கேட்டாள், வக்கீலிடம் கேட்டாள், யாருக்கும் கேள்வியே விளங்கவில்லை. விளங்காத ஊருக்கு விளங்கவைக்கத்தான் பாஸ்போர்ட்டு எடுத்து, விசா எடுத்து, மறுவருஷம் மண்ணெடுத்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு வாயாகவும் காதாகவும் இருந்தவள் ஜெயமலர். மன்னார்க்காரி, யுத்தத்தில் ஓடிவந்து எங்கெங்கோ அலைந்து, கடைசியில் இந்த ஊரில், பெனிதா என்ற விதவை நடத்துகிற தங்கும் விடுதியில் சமையல்காரியாக நிலைத்தவள். முத்தரசி தங்கியதும், இப்போது லிங்கக்கனி தங்கியதும் அந்த விடுதிதான், பெர்மின் வீட்டுக்கு அடுத்த வீடு. ஊரார் சொன்னதையெல்லாம் ஜெயமலர்தான் சொல்லிக்கொடுத்தாள், ஆகவே லிங்கக்கனியின் காதில் அந்த ஸ்பெயின் ஊர் முழுக்க, பாதிரியார் முதல் பாலகன் வரை, மன்னார்த் தமிழ்தான் பேசியது.

அன்றைக்குக் கூந்தலை அவிழ்த்துவிட்டு லிங்கக்கனி தெருவில் இறங்கியபோதே ஜெயமலர் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

"ஏ பெர்மினு! எம் பிள்ளைய மலையில விட்டுட்டு வந்து நீ மட்டும் உண்டு உறங்குதியா? நீ மண்ணாப் போவ! உன் வீடு வெளங்காமப் போவ! எம் பிள்ளை எப்படித் தவிச்சாளோ அப்படித் தவிப்ப!"

வாரினாள், தூற்றினாள், பை காலியாகும்வரை தூற்றினாள். சிவப்பு மண் கூரைக்கு மேலே எழும்பி, ஒரு பந்தல் அகலத்துக்கு விரிந்து, அங்கேயே நின்றது. லிங்கக்கனி அண்ணாந்து பார்த்தாள். தெரு அண்ணாந்து பார்த்தது. மண் இறங்குகிற வழியைக் காணோம்.

"நீயுமா எனக்கு இல்ல?" என்று அவள் அந்த மண்ணைப் பார்த்துக் கேட்டாள். ஊர் மண்ணே இப்படிக் காலை வாரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"என்ன வேலையக்கா செய்து போட்டியள்? வாங்கோ உள்ளுக்கு, சனம் பாக்குது" என்று ஜெயமலர் அவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சனம் பார்த்தது உண்மைதான், ஆனால் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஓரிரு தரம் ஆப்பிரிக்காவிலிருந்து சிவப்புத் தூசி காற்றில் வந்து கார்களின்மேல் படிவது அங்கே வழக்கம், ஆகவே முதலில் எல்லோரும் ஆப்பிரிக்கா என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட துணியை எடுத்து உள்ளே வைத்தார்கள். ஆப்பிரிக்கத் தூசி ஊருக்கெல்லாம் வருமே, இதென்ன பெர்மின் வீட்டுக்கு மட்டும் என்று யாரோ கேட்டதும் நகரசபை தீயணைப்பு வண்டியை அனுப்பியது, அவர்கள் பீய்ச்சிய தண்ணீர் மண்ணுக்குள் நுழைந்து மறுபக்கம் பளிங்காக விழுந்தது, மண் நனையவுமில்லை அசையவுமில்லை. ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்து இரண்டு நாள் அளந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். பாதிரியாரைக் கேட்டார்கள். இதற்கு எதிராகச் சபை ஒன்றும் சொல்லவில்லை, ஆதரவாகவும் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கடியிலேயே நின்று ஒரு காப்பி குடித்தார், அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகாது? பெனிதா காலையில் ஜன்னலைத் திறப்பாள், எட்டிப் பார்ப்பாள், இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ரொட்டி வாங்கப் போவாள். நாரைகள் கூட்டுக்குப் போகிற தடத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டன. வெயில் ஏறினால் அந்த மண் தெருவில் செம்மையான ஒரு நிழலைப் போட்டது, சீட்டாடுகிற கிழவர்கள் அதற்கடியில் நாற்காலியைப் போட்டார்கள், கிழவர்களைப் பார்த்து மதுக்கடைக்காரன் மேசைகளைப் போட்டான், மேசைகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். கல்யாண ஜோடிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டன. ரொட்டிக்கடையில் சிவப்புச் சர்க்கரை தூவிய ஒரு புது ரொட்டி வந்தது, அதற்கு மண்ரொட்டி என்று பேர் வைத்தார்கள், நன்றாகத்தான் இருந்தது என்று ஜெயமலரே சொன்னாள்.

இதையெல்லாம்கூட லிங்கக்கனி பொறுத்திருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது வேறொன்று. அந்த ஊர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதது. வழியில் பார்க்கிற பெண்களெல்லாம் கன்னத்தில் முத்தமிட்டார்கள். விடுதிக்குக் கேக்கும் பழமும் வந்து குவிந்தன.

"என்னட்டி இது? நான் சாபம் வுட்டிருக்கேன், இவளுவ எனக்குச் சீர் செய்யுதாளுவ?"

ஜெயமலர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, இஞ்சை ஆரும் செத்தால் பெட்டியை இறக்கின பிறகு சொந்தக்காரர் ஒரு பிடி மண் போடுவினம். அது அன்புக்குப் போடுறது. நீங்களும் அப்பிடித்தான் செய்தனீங்கள் எண்டு நினைக்கினம். பிள்ளையைக் கடைசியாப் பாத்தவன் பெர்மின், அதாலை பிள்ளையின்ரை ஊர் மண்ணை அவன்ரை வாசலிலை போட்டு விடை குடுத்தனீங்களாம். பிள்ளையின்ரை ஆத்மா அவனிலை பாசம் வைச்சுத்தான் மண் அவனுக்குக் குடை பிடிக்குதாம்."

"நீ சொல்லலியா, அது சாபம்னு?"

"சொன்னனான் அக்கா. மண்ணாலை ஆரும் சாபம் போடுவினமோ எண்டு சிரிக்கினம்."

லிங்கக்கனி அன்றைக்குச் சாப்பிடவில்லை. செருப்பால் அடித்ததைப் பூவால் அடித்ததாக வாங்கிக்கொள்கிற ஊரை என்னதான் செய்வது?

முதல் சில நாள் பெர்மின் வெளியே தலைகாட்டவில்லை. அவனுக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும், ஜன்னல் இடுக்கு வழியாக மேலே பார்ப்பதும் திரையை இழுத்து மூடுவதுமாகக் கிடந்தான். ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று தெரிந்த பிறகு மெல்லக் கதவைத் திறந்தான். அவன் நடந்தான், மண்ணும் அவன் தலைக்கு மேலே கூடவே நடந்தது. மதுக்கடைக்குப் போனால் மதுக்கடை வாசலில் நின்றது, கோயிலுக்குப் போனால் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றது, அவன் உறங்கும்போது அவன் கூரைக்கு மேலே நின்றது. பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அவன் கதை சொல்லத் தொடங்கினான், அந்தப் பெண் எப்படி என் பேச்சைக் கேட்காமல் ஓடினாள், நான் எப்படி இரவெல்லாம் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன் என்று, சொல்லச் சொல்லக் குரல் தழுதழுத்தது, கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொய்யைத் தினமும் தேய்த்துக் கழுவினால் அதற்கும் ஒரு மினுமினுப்பு வந்துவிடுகிறது.

ஒருநாள் அவன் விடுதிக்கே வந்து, எல்லோரும் பார்க்க முழங்காலிட்டு, லிங்கக்கனியின் கையில் முத்தமிட்டான். அவள் கையை உருவிச் சேலையில் துடைத்தாள்.

"ஏ ஜெயமலரு, அவன்கிட்ட கேளு. அன்னைக்கு ஏன் மணி அடிக்கல?"

ஜெயமலர் கேட்டாள், அவன் பதில் சொன்னான், பெனிதா தட்டுகளை அடுக்கிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

"தான் விடியுமட்டும் மலையிலை நிண்டவனாம், ஊருக்கு வந்தால்தானே மணியடிக்கச் சொல்லலாம் எண்டுறான். மலை கேட்டுது, குடுத்திட்டம், அம்மா மனதைத் தேத்தவேணும் எண்டுறான்."

"மனசத் தேத்தணுமா? அவன் கண்ணு என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கு, பாத்தியா?" என்றாள் லிங்கக்கனி. பெனிதாவின் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்து உடைந்தது, அவள் குனிந்து பொறுக்கினாள், ரொம்ப நேரம் நிமிரவில்லை.

மே மாதத்தில், கீழே செரிப் பழம் பழுக்கத் தொடங்கி மேலே இன்னும் பனி கிடக்கிற நாட்களில், அந்த ஊர் முழுக்கக் கிளம்பி மலைமேலிருக்கிற மாதாவின் சின்னக் கோயிலுக்குப் பவனி போகும். பனிமாதா. தூத்துக்குடியில் பனிமய மாதா என்று தேர் இழுக்கிறார்களே, அவளேதான். கோயிலில் படத்தைப் பார்த்ததும் லிங்கக்கனிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் வேதக்காரி இல்லை, ஆனாலும் ஆகஸ்டு மாதத் திருவிழாவில் பொரிகடலை வாங்கித் தின்று வளர்ந்தவள், மாதாவின் காலடியில் நின்று உரிமையோடு சொன்னாள். "நீ எங்க ஊர்க்காரி. எம் பிள்ளையும் உன் ஊர்க்காரி. நீ பாத்துக்கிட்டு இருக்கியா, இல்ல நீயும் கேக்கு தின்னுக்கிட்டு இருக்கியா?"

அந்த வருஷம் பவனிக்கு முன்னால் சிலுவையைத் தூக்கிப் போக பெர்மினைத்தான் ஊர் தேர்ந்தெடுத்தது. தலைக்கு மேலே மண்குடை பிடித்த ஒருவனை விட்டுவிட்டு வேறு யாரைத் தேர்ந்தெடுக்கும்? லிங்கக்கனியும் போனாள். விசா முடியப் போகிறது, பிள்ளை கிடந்த பாறையைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் நானும் மண்ணாகிவிடுகிறேன் என்றாள். சேலைக்கு மேலே பெனிதாவின் கம்பளிக் கோட்டு, காலில் முத்தரசியின் பூட்ஸ். போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமான்களில் அதுவும் இருந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே அளவுதான்.

பாட்டும் கொட்டுமாகப் பவனி ஏறியது. புல்வெளி முடிந்து பனி தொடங்குகிற இடத்தில் பெர்மின் முதல் காலை வைத்தான். அப்போது மண் விழத் தொடங்கியது.

கொட்டவில்லை. சல்லடையில் சலிப்பதுபோல, கோலமாவு விழுவதுபோல, இடம் பார்த்து இடம் பார்த்து விழுந்தது, வெள்ளைப் பனியில் ஒரு சிவப்புக் காலடி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்புக் காலடி, பெரிய கால் ஒன்று சின்னக் கால் ஒன்று, ஜோடியாக மேலே ஏறிப் போயின. பெரிய கால்தான் முன்னால் போனது. பாட்டு நின்றது. மலைக்காரர்களுக்கு யாரும் தடம் படித்துக் காட்ட வேண்டியதில்லை, ஆட்டையும் ஓநாயையும் மனிதனையும் பனியில் படித்தே வளர்ந்த சனம் அது. பெர்மின் திரும்பி, வேறு வழியாகப் போகலாம், இது சறுக்கும் என்றான். ஒருவரும் காதில் வாங்கவில்லை, அவனைத் தாண்டித் தடத்தின் பின்னால் நடந்தார்கள், அவனும் போக வேண்டியதாயிற்று.

ஒரு சரிவில் சின்னக் கால் புரண்டிருந்தது. அங்கே பனி கலைந்தாற்போல மண் பரந்து விழுந்திருந்தது. அங்கிருந்து பெரிய கால் தனியாகக் கீழே இறங்கியது, நேராக, கோடு போட்டதுபோல, ஒரு இடத்தில்கூட நிற்காமல், ஒரு இடத்தில்கூடத் திரும்பிப் பார்க்காமல், ஊரின் பின்பக்கம் போகிற பாதையில் இறங்கி மறைந்தது. தேடியவன் தடம் அப்படி இருக்காது. தேடுகிறவன் வளைய வளைய வருவான். சின்னக் கால் அதன் பின்னால் ஒற்றைக் காலை இழுத்து இழுத்து வந்து, பாதை தெரியாமல் சுற்றி, பாறைக்கு வந்து சேர்ந்திருந்தது. பாறையடியில் காலடி எண்ண முடியாதபடி குவிந்து கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் கீழே மணிக்கூண்டு தெரிந்தது.

லிங்கக்கனி பூட்ஸ் காலை அந்தச் சிவப்புத் தடத்தில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. அவள் அழவில்லை. "இங்கனதான் நின்னியாட்டி? இவ்வளவு நேரமா நின்ன?" என்று மட்டும் கேட்டாள்.

பெனிதாதான் முதலில் வாயைத் திறந்தாள். ஜெயமலர் அதைத் தமிழாக்கினாள். "அண்டைக்குப் பொழுதுபடேக்கை பெர்மின் வீட்டிலை வெளிச்சம் எரிஞ்சதாம், பின்வாசலிலை அவன் கழட்டி விட்ட ஈரச் சப்பாத்தைக் கண்டதாம், அக்கா. பக்கத்து வீட்டுக்காரன் எண்டு சொல்லாமல் விட்டிட்டன் எண்டு சொல்லுறா. ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சாப்பாடு போடேக்கை சொல்ல எண்டுதான் வந்தவவாம்."

எல்லோரும் பெர்மினைப் பார்த்தார்கள். அவன் சிலுவையை ஊன்றிக்கொண்டு நின்றான், தலைக்கு மேலே மிச்ச மண் நின்றது. பிறகு சொன்னான், இந்தத் தடவை குரல் தழுதழுக்கவில்லை. அவளுக்குக் கால் பிசகிவிட்டது. ஆட்களைக் கூட்டி வருகிறேன், மணி அடிக்கும், சத்தத்தைக் கேட்டபடி இரு என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்தேன். மணி அடித்தால், தடையை மீறிக் கூட்டிப் போனது தெரிந்துவிடும், உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். கெட்டிக்காரப் பெண், தானே வந்துவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன். விடியும் முன்னால் பின்வாசல் வழியாக ஏறினேன். அவள் அசையவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அன்செல்மோ, மணியடிக்கிறவர், தாடியெல்லாம் நரைத்தவர். அவர் போய்ச் சிலுவையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. பாறையடியைக் காட்டினார்.

"அங்கை நில் எண்டு சொல்லுறார்" என்றாள் ஜெயமலர்.

அவன் போய் அந்தச் சின்னக் காலடிகளின் நடுவில் நின்றான். ஏன் போனான் என்று கேட்டால், அத்தனை பேர் முகமும் ஒன்றுபோல இருந்தால் யாரும் போவார்கள். ஊர் திரும்பி இறங்கியது, அன்றைக்கு அவன் இறங்கியதுபோலவே, நேராக, திரும்பிப் பார்க்காமல். பாதி இறங்குவதற்குள் பனிமூட்டம் வந்து மலையைப் போர்த்தியது. மூட்டத்துக்குள்ளே பாறை இருந்த இடம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, மிச்ச மண் தாழத் தாழ இறங்கிக்கொண்டிருந்தது.

சதுக்கத்துக்கு வந்த பிறகு ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மலையில் ஆள் இருக்கிறான், மூட்டம் இறங்கிவிட்டது, வழக்கப்படி மணி அடித்தாக வேண்டும். அன்செல்மோ மணிக்கூண்டைத் திறந்து, கயிற்றின் நுனியைக் கொண்டுவந்து லிங்கக்கனியின் கையில் கொடுத்தார்.

"இது ஊர் அடிக்கிற மணியாம். இந்த முறை ஊருக்கு அடிக்கத் தகுதி இல்லையாம். அடிக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம் எண்டு சொல்லுறார் அக்கா."

கயிறு சொரசொரவென்று, பனங்கயிறு மாதிரிதான் இருந்தது. லிங்கக்கனி அதைக் கையில் சுற்றிப் பார்த்தாள். பிள்ளை காத்துக்கொண்டிருந்த சத்தம் அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருந்தது, ஒரு இழுப்பு இழுத்தால் வந்திருக்கும், அந்த ஒரு இழுப்புக்கு ஆளில்லாமல் அவள் பிள்ளை போய்ச் சேர்ந்தாள்.

"எம் பிள்ளை போன அன்னைக்கு இந்த மணிய எப்ப அடிச்சாவன்னு கேளு."

அன்செல்மோ தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"மறுநாள் காத்தாலை, பூசை முடிஞ்ச பிறகு எண்டு சொல்லுறார்."

"அப்ப நாளைக்குக் காலையில, பூசை முடிஞ்ச பொறகு அடிக்கேன்னு சொல்லு."

ஜெயமலர் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, இதை நான் எப்பிடிச் சொல்லுறது?"

"நான் சொன்னபடி சொல்லு தாயி. ஒரு வார்த்தை கூட்டாத, ஒரு வார்த்தை கொறைக்காத."

ஜெயமலர் சொன்னாள். யாராவது மறுப்பார்கள் என்று அவள் பார்த்தாள், பாதிரியார் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். மதுக்கடைக்காரன் பெர்மின் வீட்டுத் தெருவிலிருந்த மேசைகளை எடுத்து உள்ளே அடுக்கினான். லிங்கக்கனி ஜெயமலர் ஆக்கிப் போட்ட சோற்றைத் தின்றாள், மறு சோறு கேட்டு வாங்கித் தின்றாள், படுத்ததும் உறங்கிவிட்டாள். மகள் போன நாளிலிருந்து அவள் அப்படி உறங்கியதில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இருக்கக் கூடாதுதான், ஆனால் இருந்தது.

காலையில் பூசை முடிந்தது. சொன்ன சொல் மாறாமல் லிங்கக்கனி மணிக்கூண்டுக்குள் போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். சத்துணவுக் கூடத்தில் அண்டா தூக்கிய கைகள், மணி அப்படிக் கேட்டது, பள்ளத்தாக்கெல்லாம் கேட்டது, ஒவ்வொரு அடிக்கும் முத்தரசி, முத்தரசி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அடித்தாள், அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே அடித்தாள். ஊர் சதுக்கத்தில் கூடி மலையைப் பார்த்து நின்றது. மூட்டம் விலகி வெயில் விழுந்திருந்தது. பாறையடியில் ஆள் உயரத்துக்குச் சிவப்பாக ஒன்று நின்றுகொண்டிருந்தது, அது அசையவில்லை, பெர்மின் வீட்டுக்கு மேலே வானம் வெறுமையாக இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்து கயிறு ஈரமானது.

ஜெயமலர் படியேறி வந்தாள். "அக்கா, கை புண்ணாப் போட்டுது. இவ்வளவு அடிச்சது காணும், விடுங்கோ."

"ஆளு வந்தாச்சா?"

"இல்லை அக்கா. வாற மாதிரித் தெரியேல்லை."

"அப்ப நிறுத்தக் கூடாதுல்லா. இந்த ஊரு வழக்கம் அதுதான?" என்ற லிங்கக்கனி, முந்தானையைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு, மறுபடியும் கயிற்றை இழுத்தாள். "எனக்குக் கை அசந்தா பெனிதாவ வரச் சொல்லு. அதுக்குப் பொறகு பாதிரியார. பொறவு ஊரு மொற வச்சி அடிக்கட்டும்."